ஒதுங்கினோமா, ஒதுக்கினீங்களா?

போன மாதம் எங்களில் நாலு பேர் கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தோம். இளைஞர் தலைமைத்துவம், இரண்டு நாள், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். முதல் நாள் காலையில் எல்லோருக்கும் ஒரு கோப்பு கொடுத்தார்கள். அதன் மூன்றாம் பக்கத்தில், பங்குபற்றுகிறவர்களின் பின்னணி என்ற தலைப்புக்குக் கீழே எங்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. மலையகத் தமிழர்கள் இயல்பாகவே ஒதுங்கிய சுபாவம் கொண்டவர்களாம். காலியிலிருந்து வந்த பிள்ளைகள் காலியிலிருந்து வந்தவர்கள். மட்டக்களப்புப் பிள்ளைகள் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். எங்களுக்கு மட்டும் ஊரோடு சேர்த்து ஒரு சுபாவமும்.

சரி, படித்துவிட்டுச் சிரித்தோம். மத்தியானம் வரைக்கும் அமர்வு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, நல்ல மனசுக்காரரான அந்தப் பயிற்றுநர் சொன்னார்: "கூச்சத்தை விட்டுட்டுப் பேசுங்க தம்பி, தங்கச்சி. நீங்க ஒதுங்கியே இருந்தா எப்படி?" அவருடைய கையிலும் அதே கோப்பு இருந்தது. மூன்றாம் பக்கம் நிரூபணமாகிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து இந்தச் சொல் எங்களுக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் இரவு ரயிலில் திரும்பி வரும்போது வழி முழுக்க இதே பேச்சு. பட்டிப்பொலயில் இறங்கும்போது நன்றாக விடியவில்லை. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் எங்களுடையது, 6,200 அடிக்கும் மேலே. மேடையில் பனி, வாயைத் திறந்தால் புகை. அந்தக் குளிரிலும் இறங்கி நின்று இன்னொரு அரை மணி நேரம் சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் வந்த முடிவைத்தான் இங்கே எழுதுகிறோம்: 'ஒதுங்கிய' என்ற பெயரடையை எங்கள் மேல் ஒட்டாதீங்க. ஒட்டுவதென்றால் முதலில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஒட்டுங்க.

கேள்வி ஒரு எழுத்தில் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் பண்ணினது ஞாபகம் இருக்கா? அடங்கு, அடக்கு. முடங்கு, முடக்கு. இறங்கு, இறக்கு. கலங்கு, கலக்கு. ஒதுங்கு, ஒதுக்கு. ஒருத்தர் தானாகவே செய்தால் ங். இன்னொருத்தரைச் செய்ய வைத்தால் க். மெல்லினம் போட்டால் தள்ளின கை கண்ணுக்குத் தெரியாது. வல்லினம் போட்டால் தெரியும். வேறு மொழிகளில் இதற்கு ஒரு முழு வாக்கியம் தேவைப்படலாம், எங்கள் தமிழுக்கு ஒரு மெய்யெழுத்து போதும். அந்த ஒரு எழுத்தைப் போடுவதற்குத்தான் யாருக்கும் கை வரவில்லை.

இன்னொன்றையும் கவனிச்சோம். 'ஒதுங்கினார்கள்' என்று எழுதினால் அது வினை. எப்போ, எங்கேயிருந்து, எதுக்கு என்று வாசிக்கிறவர் கேட்கலாம். அதையே 'ஒதுங்கிய மக்கள்' என்று மாற்றிவிட்டால் கேள்வி செத்துப்போகிறது. மூக்கு மாதிரி, தோல் நிறம் மாதிரி, பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த சாமானாகிவிடுகிறது. இலக்கணப் புத்தகம் அதைப் பெயரெச்சம் என்று சொல்லட்டும், எங்களுக்கு அது முத்திரை. கோப்பில் 'இயல்பாகவே' என்று முன்னால் வேறு ஒரு சொல். அது எதற்கு? யாராவது சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்பதற்கு.

எங்கள் ஊரில் 'ஒதுங்கு' எப்படியெல்லாம் புழங்குகிறது என்று பாருங்க. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தால் ஒதுங்குவோம், ஒதுங்க இடம் இருந்தால். படிக்காதவனை, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் என்று ஏசுவார்கள். மலசலகூடம் இல்லாத லயங்களில் பெண்கள் இருட்டின பிறகுதான் வெளிக்கு ஒதுங்க முடியும். மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி இருக்கச் சொல்வார்கள். இதில் எதுவுமே சுபாவம் இல்லை. மழை, இருட்டு, வசதியின்மை, வழக்கம். ஒவ்வொரு ஒதுங்கலுக்குப் பின்னாலும் ஒரு காரணம் நிற்கிறது.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று. லயத்தில் பிறந்தவனிடம் போய் 'நீ கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறவன்' என்று சொல்வதைப் போல ஒரு பகிடி உலகத்தில் கிடையாது. 10க்கு 12 அடிக் காம்பரா. அதில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கல்யாணமான அண்ணன், அண்ணி, படிக்கிற நாங்கள். நடுவில் ஒரு சேலைத் திரை. பக்கத்துக் காம்பராவில் குழந்தை இருமினால் இந்தப் பக்கம் தண்ணி சூடாக்குவோம். அடுத்த வீட்டில் சண்டை என்றால் எல்லாருக்கும் வசனம் மனப்பாடம். 2020இல் கொரோனா வந்தபோது வானொலியில் சமூக இடைவெளி, சமூக இடைவெளி என்று ஓயாமல் சொன்னார்கள். பதினாலு நாள் தனி அறையில் தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள் என்று பிரசுரம் வந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தனியா இருக்கிறதுக்கு எடம் இருந்திருந்தா நாங்க எப்பவோ தனியா இருந்திருப்போமே" என்றார். அந்த ஒரு வரிக்கு ஈடாக அந்தப் பட்டறைக் கோப்பு முழுவதிலும் ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் ஒரு மரண வீடு என்றால் அன்றைக்குப் பெரும்பாலும் யாரும் வேலைக்குப் போவதில்லை. மாசி மாதம் காமன் கூத்து ஆடும்போது ரதி மதன் கதைக்காகத் தோட்டமே விடிய விடியக் கண் முழித்திருக்கும். தப்புச் சத்தம் கேட்டால் பக்கத்து டிவிசனிலிருந்து ஆள் இறங்கி வரும். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டால் முதல் தட்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போகும். இந்த மக்களுக்குத்தான் ஒதுங்கிய சுபாவம்.

இப்போ பிறவினைக்கு வருவோம். யார் ஒதுக்கினது?

வெள்ளைக்காரத் துரை காலத்தில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது, தெரியுமா? ஒரு தோட்டத்தில் பட்ட கடனை அடைத்ததற்கான துண்டுச் சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் கடன் எங்கே அடையப் போகிறது? 1921இல்தான் அதை ஒழித்தார்கள். (அதே 1921இல்தான் சுவிட்சர்லாந்தில் கார்ல் யுங் மனிதர்களை உள்முகர், வெளிமுகர் என்று வகை பிரித்த தன்னுடைய நூலை வெளியிட்டார். 'இன்ட்ரோவர்ட்' என்ற சொல் உலகம் முழுக்கப் பரவ வழி செய்த நூல் அது. அங்கே அவர் மனசுக்குள் கதவு தேடிக்கொண்டிருந்தபோது, இங்கே எங்கள் கொள்ளுத் தாத்தாமாருக்குத் தோட்டத்துக் கதவு அப்போதுதான் லேசாகத் திறந்தது.) அதற்குப் பிறகும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம், வாசல் தோட்டத்துக்குச் சொந்தம், வாசலுக்கு வருகிற பாதையும் தோட்டத்துக்குச் சொந்தம். வெளியாள் வருவதென்றால் துரை அனுமதிக்க வேண்டும். தொழிலாளர்களைச் சந்திப்பதற்காகக் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் போட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்த கதையைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஒதுங்கிய சமூகத்தைப் பார்க்கப் போகிறவருக்கு வேடம் எதுக்கு? மக்கள் கதவைச் சாத்தியிருந்தால் தட்டியிருக்கலாம். சாத்தினது வேறு ஆள் என்பதால்தான் துணி மூட்டையைத் தோளில் போட வேண்டியிருந்தது. அவர் உள்ளே வந்ததும் மக்கள் ஓடி ஒளியவில்லை. 1931இல் ஹட்டனில் அவர் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியபோது சேர்ந்துகொண்டவர்கள் இதே சுபாவக்காரர்கள்தான்.

1947ஐ எடுத்துக்கொள்ளுங்க. அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை என்ற எழுத்தாளரையே மக்கள் தங்களுடைய பிரதிநிதியாக அனுப்பினார்கள். அடுத்த தேர்தல் 1952இல். அதில் ஒருத்தர்கூட இல்லை. ஏழு பேரும் அவர்களுக்கு வாக்குப் போட்ட ஜனங்களும் ஐந்து வருசத்துக்குள் கூச்ச சுபாவம் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்களா? நடுவில் நடந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 1949இல் அதைத் தொடர்ந்த இரண்டு சட்டங்கள். ஏறக்குறைய ஏழு லட்சம் பேருக்குக் குடியுரிமை போச்சு. பின்னாலேயே வாக்குரிமையும் போச்சு. அரசியலில் ஆர்வமில்லாத சமூகம் என்று பிற்காலத்தில் எங்களைப் பற்றி எழுதினவர்கள் இந்த இரண்டு தேர்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி, 75,000, 75,000. கொழுந்து நிறுக்கும்போதுகூட இவ்வளவு சரியாகப் பிரிக்க மாட்டார்கள். அக்கா இந்தியாவுக்கு, தங்கச்சி இலங்கைக்கு என்று பிரிந்த குடும்பங்கள் எங்கள் லயத்திலேயே இருக்கின்றன. தலைமன்னார் போகும் ரயிலில் ஏறினவர்களை வழியனுப்பின அழுகையை வைத்துத்தான் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயரே வந்தது. அன்றைக்கு ரயில் நிலையத்தில் கட்டிப் பிடித்து அழுதவர்களின் பேரப் பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் யாரோடும் ஒட்டமாட்டீர்கள் என்கிறார்கள்.

பழசைக் கிளறுகிறோம் என்று நினைக்காதீங்க. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றதால் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் காசைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. டவுனில் பாதைக்குத் தார், தோட்டத்து வாசலோடு தார் முடிந்துவிடும். அந்தத் தடையை நீக்கித் திருத்தம் வந்தது 2018இல். எங்களில் சிலர் அப்போது பள்ளிக்கூடத்தில். முப்பது வருசம் ஊராட்சிச் சட்டமே எங்களை ஊர்க் கணக்கில் சேர்க்கவில்லை. கடிதமும் அப்படித்தான். வீட்டுக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கே கிடந்து, பரீட்சை முடிந்து இரண்டு நாள் கழித்துக் கைக்கு வந்தது எங்களில் ஒருவனுக்கு. அவன் வரவில்லை என்று அந்தப் பக்கத்துப் பட்டியலில் குறித்திருப்பார்கள். ஆர்வமில்லை, ஒதுங்கிய ஆள்.

மனிதர்களுக்கு மட்டும் இந்த அநியாயம் நடந்திருந்தால் இத்தோடு நிறுத்தியிருப்போம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நடந்திருக்கிறது. பட்டிப்பொலக்கு மேலே ஏறினால் ஹோட்டன் சமவெளி. விடிய ஐந்து மணிக்கே உலக முடிவு பார்க்கப் போகிற வேன்கள் எங்கள் ஊரைத் தாண்டிப் போகும். அந்தக் காட்டில் ஒரு தேவாங்கு இருக்கிறது. பேந்தப் பேந்த முழிக்கிறவனைத் தேவாங்கு மாதிரி முழிக்கிறான் என்கிறோமே, அதே ஜாதியில் இந்த உயரத்துக் குளிருக்கென்றே ரோமம் அடர்ந்த ஒரு வகை. 1939க்குப் பிறகு 2002 வரைக்கும் அது யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை, அழிந்துபோச்சு என்றே எழுதிவிட்டார்கள். 2010இல் அதன் முதல் புகைப்படங்கள் வெளியானபோது உலகச் செய்தி. அப்போது எழுதினவர்களில் பாதிப் பேர் அதற்குக் கொடுத்த பெயரடை, கூச்ச சுபாவமுள்ள, கண்ணில் படாத.

இரவில் நடமாடுகிற பிராணி, சத்தம் கேட்டால் அசையாமல் நிற்கிற பிராணி என்பதெல்லாம் உண்மை. ஆனால் அறுபது வருசம் காணாமல் போனதற்குக் கூச்சம் காரணமா? மரத்துக்கு மரம் கிளை பிடித்துப் போகிற உயிர் அது. முதலில் கோப்பிக்காகவும், கோப்பி நோயில் செத்த பிறகு தேயிலைக்காகவும் மலையை மொட்டையடித்தார்கள். கிளை முடிகிற இடத்தில் அதற்கு உலகம் முடிகிறது. மொட்டையடித்த மலையில் வேலை செய்யக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் நாங்கள். அதை உள்ளே தள்ளின கையும் எங்களை உள்ளே அடைத்த கையும் ஒரே கைதான். இரண்டு பேருக்கும் ஒரே பெயரடை கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

யானைக் கதை இன்னும் மோசம். இந்த மலைகளில் ஒரு காலத்தில் யானைகள் இருந்தன. மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் கூட்டத்தில் இல்லாத யானைக்கு ஆங்கிலத்தில் போக்கிரி என்று பொருள்படும் ஒரு பெயரடை வைத்தார்கள். எங்கள் செய்தித்தாள்களில் அது 'தனியன்' என்று வருகிறது. போக்கிரி என்று பெயர் வைத்துவிட்டால் சுடுவதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை பாருங்க. இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் இந்த யானைகளைப் பற்றி ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். யானைக் கூட்டம் என்பது ஒரு குடும்பம். ஏதோ காரணத்தால் தன் கூட்டத்தைத் தொலைத்த யானையை வேறு எந்தக் கூட்டமும் சேர்த்துக்கொள்ளாது. பக்கத்தில் மேயலாம், அதே குளத்தில் தண்ணி குடிக்கலாம், அதற்கு மேல் உறவு கிடையாது. அப்படித் தனியாகிப்போனதுதான் மூர்க்கமாகிறது என்பது அவர் சொன்ன விளக்கம்.

இன்றைய ஆராய்ச்சி இதைத் திருத்தியிருக்கிறது. ஆண் யானை வயசுக்கு வந்ததும் தாய்க் கூட்டத்தை விட்டுப் பிரிவது அதன் வாழ்க்கை முறை, பெரும்பாலும் தனியாகவோ மற்ற ஆண்களோடு சேர்ந்தோ திரியும், அதில் மூர்க்கம் ஒன்றும் இல்லை. ஆகவே டெனன்ட் யானையைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரியில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்களுக்கு முதுகு சில்லிட்டது. தன் கூட்டத்தைத் தொலைத்தது, வேறு கூட்டம் சேர்க்கவில்லை, ஒரே குளத்தில் தண்ணி மட்டும். 1948க்குப் பிறகு எங்கள் தாத்தாமார் இருந்த இருப்பை, அது நடப்பதற்குத் தொண்ணூறு வருசத்துக்கு முன்னால் ஒருவர் யானை என்று நினைத்து எழுதி வைத்திருக்கிறார்.

அந்தமானில் வட சென்டினல் தீவு மக்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'வெளியுலகை வெறுக்கும்' என்று ஒரு அடை சேர்ந்து வரும். 1880இல் மோரிஸ் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தத் தீவிலிருந்து ஒரு வயசான தம்பதியையும் நாலு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போனார். பெரியவர்கள் இருவரும் நோயில் செத்தார்கள். பிள்ளைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். வெறுப்பு என்ற அடைமொழிக்கு முன்னால் இந்த வருசத்தை எழுதுகிறவர்கள் குறைவு.

சரி, வெள்ளைக்காரனையும் சிங்களப் பேரினவாதத்தையும் திட்டுவது சுலபம். தமிழர்களாகிய நீங்க எங்களை எப்படிக் கூப்பிட்டீங்க? தோட்டக்காட்டான். கள்ளத்தோணி. கொழும்பில் வீட்டு வேலைக்கு வந்த எங்கள் அக்காமாரைச் சமையலறைக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை யாரோடும் பேசாது, நல்ல அமைதியான பிள்ளை என்று சான்றிதழ் கொடுத்தது தமிழ் வீடுகளும்தான். ஒப்பந்தத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இறங்கினார்கள். இங்கே 'இந்தியாக்காரன்' என்று ஏச்சு வாங்கினவர்கள் அங்கே 'சிலோன்காரன்' ஆனார்கள். பாவம், சுபாவம் கடல் தாண்டியும் கூடவே போயிருக்கிறது!

எங்கள் பக்கத்து அழுக்கையும் மறைக்கப் போவதில்லை. தப்பு அடிக்கிறவர் வீட்டுக்கு முறுக்குத் தட்டு போவதில்லை என்பதை மேலே எழுதாமல் விட்டோம், இப்போது எழுதுகிறோம். ஒரே லயத்துக்குள் எந்தக் காம்பராவில் தண்ணி குடிக்கலாம், எதில் குடிக்கக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயசுக்கு வந்த பிள்ளையைக் குச்சுக்குள் உட்கார வைக்கும்போது நாங்களும் பிறவினைதான் செய்கிறோம். பிறகு அவள் வாய் திறக்காவிட்டால் அடக்கமான பொண்ணு, திறந்தால் வாயாடி. அதே மௌனம் பையனிடம் இருந்தால் அமுக்கன், உம்மணாமூஞ்சி. எங்களோடு படித்த ஒருவன் இருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் யாரோடும் வராமல் தண்டவாளத்தோரம் நடந்துபோய் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஊமைக்கோட்டான்'. ஐந்து வருசம் அப்படித்தான் கூப்பிட்டோம். பின்னாளில் அவனே சொன்னான், வீட்டில் ஒன்பது பேர், புத்தகத்தை விரிக்க இடமில்லை, அதுதான் நிலையத்துக்குப் போனேன் என்று. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இடம் இருந்திருந்தாலும் போயிருப்பேன்டா. எனக்குத் தனியா இருக்கப் புடிக்கும்" என்றும் சொன்னான்.

அந்த இரண்டாவது வரிதான் எங்களை வெட்கப்பட வைத்தது. தனியாக இருக்கப் பிடித்தவர்கள் எந்தச் சமூகத்திலும் உண்டு, அதில் குற்றமும் இல்லை நோயும் இல்லை. அதற்குத் தமிழில் நல்லதாக ஒரு பெயரடை தேடிப் பார்த்தோம். கிணற்றுத் தவளை, அமுக்கன், ஒட்டாதவன், சிடுமூஞ்சி என்று முக்கால்வாசி ஏச்சாகவே வருகிறது. 'இன்ட்ரோவர்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கிறது என்பதால் டவுன் பிள்ளைகள் அதை முகநூல் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டட்டும். ஆனால் யோசிச்சுப் பாருங்க. டவுனில் தனியறை உள்ள பிள்ளை கதவைச் சாத்தினால் அது ஆளுமை வகை. கதவே இல்லாத காம்பராவிலிருந்து வந்த பிள்ளை புது இடத்தில் கொஞ்ச நேரம் பேசாவிட்டால் அது சமூகத்தின் சுபாவம். ஒருத்தனுக்குத் தனி மனசு இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற சொல் எங்களிடம் வரும்போது மட்டும் எப்படிக் கூட்டத்துக்கே மொத்தமாக அடிக்கிற வெள்ளையாகிறது?

2023 ஜூலை கடைசியில், மலையகத்தின் 200 வருசத்தை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். எங்களில் இரண்டு பேர் கடைசிப் பகுதியில் சேர்ந்து நடந்தோம். வழியில் சிங்கள வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் தண்ணியும் சாப்பாடும் கொடுத்தார்கள். காலில் கொப்புளத்தோடு பாட்டிமார் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பட்டறைக் கோப்பை எழுதினவர் அந்தப் பாதையில் ஒரு மைல் நடந்திருந்தால் போதும், மூன்றாம் பக்கத்தை அவரே கிழித்திருப்பார்.

ஊர் திரும்பிய வாரமே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினோம். மரியாதையாகத்தான் எழுதினோம். அவர்களும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும், அடுத்த பதிப்பில் 'ஒதுக்கப்பட்ட சமூகம்' என்று மாற்றிவிடுகிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். முதலில் சந்தோசப்பட்டோம். ங் போய் க் வந்துவிட்டது. பிறகு எங்களில் ஒருத்தி, அந்த அம்மாவின் மகள், திரும்ப வாசித்துவிட்டுக் கேட்டாள்: "பட்ட, பட்டன்னா யாருகிட்ட பட்டோம்?" மழையில் நனைந்த மாதிரி, வெயில் பட்ட மாதிரி, தானாக மேலே வந்து விழுந்ததா அது? செயப்பாட்டு வினையிலும் ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும்.

ஆகவே மறுபடி எழுதினோம். எங்கள் திருத்தத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறோம்: '………… ஒதுக்கிய சமூகம்'. கோட்டில் யாருடைய பெயரை எழுதுவது என்று நீங்களே முடிவு பண்ணுங்க, ஒன்றுக்கு மேல் எழுதுவதென்றால் கோட்டை நீட்டிக்கொள்ளலாம், எங்கள் பெயரும் அதில் வரலாம், ஆட்சேபனை இல்லை என்று கீழே குறிப்பும் எழுதினோம். அனுப்பி மூன்று வாரமாச்சு. இந்த முறை பதிலுக்கு முகவரியாக நிலையத்துக்குப் பக்கத்துக் கடையின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறோம். தோட்டத்து ஆபிசுக்கு அனுப்ப வேண்டாம் என்று கோடு போட்டும் எழுதியிருக்கிறோம்.